பெர்மாகல்ச்சர் கற்க எங்கே போவது: வகுப்பா, பண்ணையா, சொந்த நிலமா?

போன ஆவணியில் அக்கா மகன் சென்னையிலிருந்து பேசினான். "மாமா, பெர்மாகல்ச்சர் கத்துக்கணும். எந்தக் கோர்ஸ்ல சேரட்டும்?" என்றான். காட்டைப் போலத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்படி நிலத்தை அமைக்கிற முறை அது. பன்னிரண்டு நாள் தங்கிப் படிக்கும் வகுப்பு ஒன்றின் விவரத்தையும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். கட்டணம் அவனுடைய ஒரு மாத வீட்டு வாடகையைவிட அதிகம். அவனுக்கு ஆலங்குடிப் பக்கம், என் நிலத்தை ஒட்டியே, நாற்பது சென்ட் பங்கு கிடக்கிறது. வேலை கம்ப்யூட்டர் கம்பெனியில். வருடத்துக்கு இருபது நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் பெரிது. ஆக, அந்த இருபது நாளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

"யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். மூன்று வழியிலும் போய்ப் பார்த்தவன் என்பதால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2018 நவம்பர் 16. கஜா புயல் அன்று அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. விடிந்து போய்ப் பார்த்தால் அப்பா வைத்த தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. வரப்போரத்துப் பனைகள் அப்படியே நின்றன. வேலியோர வேம்பு கிளையெல்லாம் முறிந்து மொட்டையாக நின்றது, தை மாதம் துளிர்த்துவிட்டது. இருபது வருடமாக எங்கள் வீட்டு வரும்படி முழுக்க ஒரே மரத்தில் இருந்தது. அந்த மரம் விழுந்த அன்று சாப்பிடுவதற்குக்கூட அந்த நிலத்தில் வேறு ஒன்றும் இல்லை. அடுத்த புயலும் வரும், அடுத்த வறட்சியும் வரும். வந்தாலும் பாதியாவது நிற்கிற மாதிரி நிலத்தை எப்படி அமைப்பது என்று தேடப் போய்த்தான் பெர்மாகல்ச்சருக்கு வந்தேன்.

அந்தப் பெயரை உண்டாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருந்த பில் மோலிசனும், அப்போது மாணவராக இருந்த டேவிட் ஹோம்கிரனும். 1978-ல் அவர்களுடைய முதல் நூல் வந்தது. காட்டுக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, எரு போடுவதில்லை. ஒரு மரம் விழுந்த இடத்தில் இன்னொன்று எழுகிறது. அந்த மாதிரி வீடு, கொல்லை, தோப்பு, ஆடு மாடு, கோழி, மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும்படி அமைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மோலிசன் வகுத்த பாடம் 72 மணி நேரம். இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த 72 மணி நேரம்தான் கணக்கு. தங்கிப் படித்தால் பத்துப் பன்னிரண்டு நாளில், மிஞ்சிப் போனால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

முதல் வழி இந்த வகுப்பு. நான் வெளிமாநிலம் ஒன்றில் அதைப் படித்தேன். கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை ஒரே படமாகப் பார்க்கும் கண் அங்கேதான் கிடைத்தது. மூன்றாம் நாள் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, வீட்டைச் சுற்றி நாம் ஒரு நாளைக்கு எங்கெங்கே எத்தனை முறை நடக்கிறோம் என்று கோடு போடச் சொன்னார்கள். கிணற்றடிக்கு எத்தனை முறை, மாட்டுக்கொட்டகைக்கு எத்தனை முறை என்று. எங்கள் வீட்டுப் படத்தில் ஒரு கோடு மட்டும் தோப்பின் கடைசி மூலை வரை நீண்டது. அது கறிவேப்பிலை மரம். தினம் தாளிக்கிற கறிவேப்பிலைக்கு என் மனைவி அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள், மழையிலும் வெயிலிலும். வருடத்துக்கு இரண்டு முறை எட்டிப் பார்த்தால் போதும் என்கிற எலுமிச்சையோ அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு முருங்கை வைத்தேன். அடிக்கடி போகிற இடத்துக்கு அடிக்கடி கை வைக்க வேண்டிய செடி, அரிதாகப் போகிற இடத்துக்குத் தானாக வளர்கிற மரம். இதைத்தான் அவர்கள் மண்டலம் என்று பிரிக்கிறார்கள். நம் பாட்டிமார் வீட்டுக் கொல்லைகள் பலவும் இப்படித்தான் இருந்தன. பம்புசெட்டும் தென்னையும் வந்த பிறகு நாங்கள்தான் கலைத்துவிட்டோம்.

இனி குறை. எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தது. எனக்குச் சமாளிக்க முடிந்தது. என்னோடு வந்திருந்த ஒரு பெரியவர், முப்பது வருடம் மானாவாரி செய்தவர், பாதி நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த எல்லாரையும்விட அவருக்குத்தான் சொல்வதற்கு அதிகம் இருந்தது. அடுத்து, காட்டிய படங்களில் பாதி வருடம் முழுக்க மழை பெய்கிற நாடுகள். எங்கள் ஊரில் மூன்று மாதம் மழை, மீதி நாளெல்லாம் மண்ணும் வெயிலும்தான். அங்கே மேட்டுப்பாத்தி போடக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் செம்மண்ணில் மேட்டுப்பாத்தி மாசியிலேயே காய்ந்து வெடித்துவிடுகிறது. எங்களுக்கு வேண்டியது குழிப்பாத்தி. ஒரு சாண் ஆழம் தோண்டி, அடியில் மட்டையும் சருகும் போட்டு, தரைக்குக் கீழேயே செடி வைப்பது. இது தெரிய எனக்கு ஒரு முழுக் கோடை ஆனது.

சம உயர வாய்க்கால் விஷயத்தில் பட்டது இன்னும் பெரிது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போட்டால் மழைத்தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். அருமையான வழி. வகுப்பில் அதற்கு அரை நாள் ஒதுக்கினார்கள். நிரம்பினால் வழிய இடம் விட வேண்டும் என்பது அதில் ஒரே ஒரு வாக்கியமாக வந்து போனது. ஊருக்கு வந்த சூட்டில் ஜேசிபி வைத்து மூன்று வாய்க்கால் வெட்டினேன். கார்த்திகையில் ஓர் இரவு விடாமல் பெய்தது. நடு வரப்பு உடைந்து, கீழே வைத்திருந்த மாங்கன்றுகளையும் மேல்மண்ணையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஊர்க் கண்மாய்க்கு, நிரம்பிய தண்ணீர் வழிந்து போகக் கலிங்கு இருக்கிறது. சின்ன வயதில் கலிங்கு பாய்கிற தண்ணீரில்தான் குளித்தோம். தண்ணீரைத் தேக்குகிற எதற்கும் கலிங்கு வேண்டும் என்று எந்த நாட்டிலிருந்தும் யாரும் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் கேட்டதையும் கண்ணால் பார்த்து வளர்ந்ததையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு வாய்க்காலுக்கும் கல் பாவிய கலிங்கு இருக்கிறது, ஒன்றில் வழிவது அடுத்ததில் போய் விழுகிற மாதிரி.

வகுப்பு முடிவில் தரும் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அரசுப் பட்டம் அல்ல. நீங்கள் பிற்பாடு இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள், பிறர் நிலத்துக்கு வடிவமைத்துக் கொடுத்துப் பிழைக்கப் போகிறீர்கள் என்றால் அவசியம். சொந்த நிலத்துக்குத்தான் என்றால் பீரோவில் கிடக்கும். வகுப்புதான் வேண்டும் என்று முடிவு செய்தால் வறண்ட பூமியில் நடக்கும் வகுப்பாகத் தேடுங்கள். தெலங்கானாவில் நரசண்ணா கொப்புலாவும் பத்மா கொப்புலாவும் நடத்தும் அரண்யா அமைப்பு மானாவாரி நிலத்திலேயே பல காலமாக வேலை செய்கிறது. 2017-ல் உலக பெர்மாகல்ச்சர் மாநாடு ஐதராபாத்தில் நடந்ததில் அவர்கள் பங்கு பெரிது. யூடியூபிலேயே படித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள உதவும். ஈர மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்காமல் வேளாண்மை வராது.

தமிழில் கற்க வேண்டும் என்பவர்களுக்கு சில நாள் முகாம்கள் இருக்கின்றன. கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா உருவாக்கிய வானகம் அதில் முக்கியமானது. 2013 டிசம்பர் 30-ல் ஐயா மறைந்தார். ஐயாவின் உடலை விதைத்த இடமும் அதுதான். பயிற்சி இன்னும் நடக்கிறது. கடவூரும் மழை குறைந்த பூமி என்பதால் அங்கே பார்ப்பதை நம் நிலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் முழுவதும் வந்துவிடாது. ஆனால் பயம் தெளியும், நாலு மாவட்டத்து நண்பர்கள் கிடைப்பார்கள். பின்னாளில் விதை வாங்கவும் சந்தேகம் கேட்கவும் எனக்குக் கைகொடுத்தவர்கள் அந்த நண்பர்கள்தான். செலவும் குறைவு. பெர்மாகல்ச்சர் என்ற சொல்லே தெரியாத ஒருவரை முதலில் எங்கே அனுப்புவாய் என்று கேட்டால் இப்படிப்பட்ட முகாமுக்குத்தான்.

இரண்டாவது வழி, ஒரு பண்ணையில் தங்கி வேலை செய்வது. ஆரோவில் பக்கம் ஆறு வாரம் இருந்தேன். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழையில் அரித்துப்போன செம்மண் பொட்டல். முதலில் வரப்புகள் போட்டு ஓடுகிற தண்ணீரை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு மரம் வைத்தார்கள். இன்று காடாக நிற்கிறது. அங்கே 2003-ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் போன்ற இடங்களில் தன்னார்வலர்களைத் தங்க வைத்து வேலையோடு கற்றுக்கொடுக்கிறார்கள். எங்களைப் போலவே செம்மண், எங்களைப் போலவே ஐப்பசி மழை. பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும்தான். கேரளத்துப் பண்ணை எவ்வளவு அழகாக இருந்தாலும், ராமநாதபுரத்துக்காரர் அங்கே கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும்.

பண்ணையில் வகுப்பு கிடையாது. விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் வேலை. எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் தழைக்காக வளர்க்கிற கிளைரிசிடியா மரத்தை வெட்டுவது. கிளையை வெட்டி, முழ நீளத்துக்கு நறுக்கி, பக்கத்துக் கன்றைச் சுற்றி மண் காயாமல் மூடாக்காகப் போட வேண்டும். முதல் வாரம் நான் தண்டோடு ஒட்டிக் குவித்துவிட்டேன். கூட வேலை செய்த பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர் ஒன்றும் சொல்லாமல் வந்து, கையால் தழையை விலக்கி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட்டுக் காட்டினார். ஒட்டிக் கிடந்தால் ஈரத்தில் பட்டை அழுகும், கறையானும் ஏறும். மழைக்கு முன் வெட்டினால் தழை மக்கும், மரமும் துளிர்க்கும். கோடையில் வெட்டினால் நிழலும் போய்விடும், தழையும் அப்பளம் போல் நொறுங்கும். இதெல்லாம் வாயால் சொன்னால் இரண்டு நிமிடம். கைக்கு வர மூன்று வாரம் ஆனது. வந்த பிறகு போகவில்லை.

ஒரு நாள் நாற்றங்காலில் பெயர்ப்பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீரை, காசான், பாலை, வெப்பாலை. அந்தப் பகுதிக்கே உரிய பசுங்காட்டை மீட்பதற்காக விதை தேடி அலைந்து வளர்க்கிற கன்றுகள் என்று ஒரு வெளிநாட்டு இளைஞன் விளக்கினான். கையில் இருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. இத்தனையும் எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டில் நிற்கிற மரங்கள். மண்குதிரைகளுக்குப் பின்னால் பகலிலேயே இருட்டாக இருக்கும். உள்ளே விறகு பொறுக்கக்கூடாது, கிளை ஒடிக்கக்கூடாது என்று பாட்டி அதட்டி வளர்த்த காடு. கஜாவுக்குப் பிறகு நான் அங்கே போய்ப் பார்த்ததே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் போனேன். ஓரத்தில் சில மரங்கள் முறிந்திருந்தன, உள்ளே காடு காடாகவே இருந்தது. முறிந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள். மோலிசன் காட்டைப் பார்த்துக் கற்றதை நான் என் வீட்டிலிருந்து அரை மைலில் பார்த்திருக்கலாம்.

பண்ணை வழியின் சிரமம் நாள் கணக்கு. இரண்டு வாரத்துக்குக் குறைவாகத் தங்கினால் விருந்தாளியாகவே திரும்பி வருவீர்கள். குடும்பம், குழந்தை, வேலை இருப்பவர்களுக்கு ஆறு வாரம் என்பது லேசான விஷயம் இல்லை. சாப்பாடும் வேறு மாதிரி இருக்கும். சில பண்ணைகளில் பால், தயிர்கூடக் கிடையாது. இன்னொன்று, ஒரு பண்ணை உங்களுக்கு அதன் ஒரு பருவத்தை மட்டும்தான் காட்டும். மார்கழியில் போனவருக்கு எல்லாம் பச்சையாகத் தெரியும். முடிந்தால் சித்திரையில் போங்கள். அந்த வெயிலில் எது பிழைத்து நிற்கிறதோ அதுதான் பாடம்.

மூன்றாவது, சொந்த நிலம். காசில்லாதவன் கடைசியாகப் பிடிக்கிற வழி என்று பலரும் இதை நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோம்கிரன் சொல்லும் பன்னிரண்டு கோட்பாடுகளில் முதலாவதே நிலத்தைக் கவனித்துப் பழகு என்பதுதான். அதை வேறொருவர் நிலத்தில் செய்ய முடியாது.

வரப்பு உடைந்த மறுவருடம் நான் எதையும் வெட்டவில்லை. ஐப்பசி முதல் மழைக்குக் குடையையும் ஒரு கட்டுக் குச்சியையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போனேன். தண்ணீர் எங்கே நுழைகிறதோ அங்கே ஒரு குச்சி, எங்கே தேங்குகிறதோ அங்கே ஒரு குச்சி, எங்கே வெளியேறுகிறதோ அங்கே ஒரு குச்சி. நான்கு மழையில் நிலம் முழுக்கக் குச்சி. வானம் வெளுத்த பிறகு பார்த்தால் தண்ணீரின் பாதை கோடு போட்ட மாதிரி இருந்தது. நான் ஜேசிபி வைத்து வெட்டிய இடம் அந்தப் பாதைக்குச் சம்பந்தமே இல்லாமல் பத்தடி தள்ளி இருந்தது. மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும், ஆங்கில A எழுத்து வடிவில் கட்டினால் மட்டம் பார்க்கும் கருவி. அதை வைத்து இரண்டாம் முறை மண்வெட்டியாலேயே வெட்டினேன். இதுவரை உடையவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், அக்கா மகனுடைய நாற்பது சென்டில் 14 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. எங்கள் பக்கம் போர்வெல் பல நூறு அடி போயும் தண்ணீருக்கு அல்லாடுகிறோம். வருகிற மழை எந்தப் பக்கம் ஓடிப்போகிறது என்றுகூடத் தெரியாமல் வகுப்புக்குக் காசு கட்டி என்ன பயன்?

மண்ணையும் அப்படியே தெரிந்துகொள்ளலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் இறங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்கின் உயரத்தைப் பார்த்தாலே உங்கள் மண் தண்ணீரைப் பிடிக்குமா விடுமா என்பது புரியும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். முதல் வருடம் விளைச்சலுக்கு என்று எதையும் விதைக்காமல் பலதானியம் விதைத்துப் பாருங்கள். கம்பு, சோளம் மாதிரி நாலு தானியம், உளுந்து, தட்டை மாதிரி நாலு பயறு, எள், ஆமணக்கு என்று நாலு எண்ணெய் வித்து, கொத்தமல்லி, கடுகு என்று நாலு வாசனைச் சரக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று நாலு தழையுரம். எல்லாவற்றையும் கலந்து ஏக்கருக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் தூவி, பூக்கிற நேரத்தில், ஐம்பது நாள் வாக்கில், மடக்கி உழுதுவிட வேண்டும். நிலத்தின் எந்தப் பகுதியில் எது தழைத்தது, எங்கே ஒன்றுமே முளைக்கவில்லை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மண் பரிசோதனைக் காகிதமும் இவ்வளவு விவரமாகச் சொல்லாது.

இந்த வழியில் குறை இல்லாமல் இல்லை. தனியாகச் செய்கிறபோது தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது. ஒரு தப்பு தெரிய ஒரு வருடம் ஆகும். மரம் வைக்கிற இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள் என்கிறேன். காங்கயம், மூலனூர் பக்கம் கொறங்காடு என்று வைத்திருக்கிறார்களே, கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மேய்கிற மாடு. மழை குறைந்த பூமிக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பை நான் எந்த வகுப்பிலும் பார்க்கவில்லை. அதைச் செய்துவைத்தவர்கள் யாரும் பெர்மாகல்ச்சர் படிக்கவில்லை. நிலமே இல்லாமல் சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களும் மாடியில் பத்துத் தொட்டி, ஒரு மக்குத் தொட்டி என்று தொடங்கலாம். வீட்டுக் குப்பை மண்ணாவதைப் பார்ப்பது சின்னப் பாடம் இல்லை.

சரி, யாருக்கு எது? நிலம் கையில் இருக்கிறது, அதை நம்பி உடனே சாப்பிட வேண்டிய அவசரம் இல்லை என்றால், முதலில் ஒரு மழைக்காலம் முழுவதையும் சொந்த நிலத்தில் பாருங்கள். அப்புறம் உங்கள் மண்ணும் மழையும் கொண்ட பண்ணையில் போய் இருங்கள். வகுப்பு அதற்குப் பிறகு. அப்போது உங்களிடம் கேட்பதற்கு நூறு கேள்வி இருக்கும், அந்த 72 மணி நேரமும் போதாது என்று தோன்றும். நான் தலைகீழாகப் போனதால்தான் வரப்பு உடைந்தது. நிலம் இல்லை, இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர்கள் பண்ணையில் தொடங்குங்கள். வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதே அங்கேதான் புரியும். இதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களுக்கு மட்டும் வகுப்பை முதலில் வைக்கலாம். அவர்களும் அடுத்த மழைக்குள் ஏதாவது ஒரு நிலத்தில் கை வைத்தாக வேண்டும்.

இதைத்தான் மாப்ளையிடம் சொன்னேன். லீவில் எட்டு நாளை ஐப்பசிக்கு ஒதுக்கு, நாலை சித்திரையில் ஒரு பண்ணைக்கு ஒதுக்கு, மீதியை வைத்துக்கொள் என்றேன். நாலு நாளில் பண்ணை பிடிபடாது, அது அவனுக்கும் தெரியும். அடுத்த வருடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். தீபாவளிக்கு மறுநாள் நல்ல மழை. அவனும் நானும் ஆளுக்கு ஒரு கட்டு முருங்கைக் குச்சியோடு அவன் நிலத்தில் இறங்கினோம். மேற்கு மூலையில் என் வாய்க்காலில் வழிகிற தண்ணீர் அவன் நிலத்துக்குள் நுழைகிற இடத்தில் முதல் குச்சியை நட்டான். இப்போது மார்கழி. ஊன்றிய குச்சிகளில் ஆறு துளிர்த்துவிட்டன, எல்லாம் தண்ணீர் தேங்கிய இடத்துக் குச்சிகள். போட்டோ எடுத்து அனுப்பினேன். "இதை எடுக்க வேண்டாம் மாமா, அங்கேயே இருக்கட்டும்" என்று பதில் வந்தது.